கயிற்றுக்குப் பழகிய நாய்

எங்கள் பக்கத்தில் நாயை யாரும் கயிற்றில் கட்டுவதில்லை. மாட்டைக் கட்டுவார்கள், ஆட்டைக் கட்டுவார்கள், தோணியைக் கட்டுவார்கள். நாய் தன் பாட்டுக்கு வரும், தன் பாட்டுக்குப் போகும். ஒருவர் நாயின் கழுத்தில் கயிறு போட்டு நடத்திக்கொண்டு போகிறார் என்றால் அந்த நாய் வேண்டாம் என்று அந்த வீட்டில் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். மன்னார்த் தீவில் இருப்பவர்கள் வேண்டாத நாயைக் கட்டிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீரைத் தாண்டி அது திரும்பி வராது என்று ஒரு நம்பிக்கை. எங்கள் கரைக்காரர் தங்களுக்கு வேண்டாததைக் கொண்டுபோய்த் தீவில் விடுவார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் சண்டைக்கு முந்தியும் நடந்தது, பிந்தியும் நடந்தது. பாலத்தில் ஆமிக்காரரின் சென்றி இருந்து ஆட்களை மறித்துப் பார்த்த காலத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும், நாய்க்கு யார் பாஸ் கொடுப்பது.

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து வங்காலைப் பக்கம் திரும்பி வந்தபோது சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வந்தது நானும் என் கணவரும்தான். முகாமில் பிறந்து வளர்ந்த எங்கள் ஒரே மகள் அங்கேயே கலியாணம் கட்டிக்கொண்டு, "நீங்க போங்க, நான் வரலை" என்று அந்த ஊர்த் தமிழிலேயே சொல்லி நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் போகும்போது கடல்தொழிலாளி, திரும்பும்போது பெயின்டர். முகாமில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் ஊரான் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். இங்கே வந்து பார்த்தால் கடலுக்குப் போகத் தோணி இல்லை, பெயின்ட் அடிக்கச் சுவரும் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளுக்குச் சாந்து பூசவே ஆட்களிடம் வசதியில்லை, நிறம் எங்கே அடிப்பது. எங்கள் வீடும் அப்படித்தான். அவர் பிளாஸ்ரிக் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் அந்தப் பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை கோட் அடிக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறாராக்கும் என்று நான் முதலில் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு நானும் பகிடியை விட்டுவிட்டேன்.

அப்படி இருந்த நாட்களில்தான் அந்த நாய் வந்தது. தவிட்டு நிறம், ஒரு காது மடங்கியது, கழுத்தில் நீல நைலோன் கயிறு. கயிற்றின் மறுநுனி கடித்து அறுத்ததுபோலப் பிய்ந்திருந்தது. பாலம் தாண்டி வந்த சரக்கு என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. எனக்கு நாய் ஆகாது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது நாய்தான் என்று நினைக்கிற ஆள் நான். "சூ, போ" என்று விளக்குமாற்றை எடுத்தேன். அது போகாமல் கதிரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து கயிற்றை வெட்டக் கத்தியை எடுத்தார். கயிற்றில் கை பட்டதும் அது நடுங்கி, படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

"பாவம். ஆரோ இதைக் கட்டித்தான் கொண்டுவந்து விட்டிருக்கினம்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய பேச்சு அது. அவர் கயிற்றை மெல்ல வெட்டி எடுத்து ஆணியில் மாட்டினார், நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டேன்.

அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. "இஞ்ச வா" என்றால் வரும், அவ்வளவுதான் அதன் பெயர். பின்னேரமானால் அது வாசலில் நின்று அவரைப் பார்க்கும், தரவையைப் பார்க்கும், திரும்பவும் அவரைப் பார்க்கும். தரவை என்பது எங்கள் வீட்டுக்கும், கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்புக்கும் நடுவே கிடக்கிற வெட்டைவெளி. மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் உவர்மண் வெடித்துக் கிடக்கும். அரச காணி. ஒருவருக்கும் சொந்தமில்லை என்பதால் எல்லாரும் சொந்தக்காரர். ஆடு மாடு மேய்வதும் அங்கேதான், கழுதைகள் படுப்பதும் அங்கேதான், விறகு பொறுக்குவதும், மலசலகூடம் இல்லாதவர்கள் ஒதுங்குவதும் அங்கேதான். நாய் கேட்டுக்கொண்டே நின்றதால் ஒருநாள் அவர் கதிரையை விட்டு எழும்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் நடை.

"முகாமில ஆறு மணிக்கு முதல் உள்ளுக்கு வந்திடவேணும். இஞ்ச ஒருத்தரிட்டையும் சொல்லத் தேவையில்லை, பாத்தியோ" என்று ஒருநாள் திரும்பி வந்து சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த நாய்க்கு அன்று நானே மீன்தலை வைத்தேன். அது இல்லாவிட்டால் இந்த மனிதர் திரும்பவும் சுவரைப் பார்க்கப் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை நான் வளர்த்தது அவருக்காகத்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

கயிறு வந்த கதை இது. தரவையின் ஒரு மூலையில் கண்ணிவெடி எடுத்து முடிந்திருக்கவில்லை. மண்டையோட்டுப் படம் கீறிய சிவப்புப் பலகைகள் வரிசையாக நிற்கும். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஆட்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. வெறும் நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற பறவை அது, குஞ்சு பக்கத்தில் எங்கோ இருந்திருக்கிறது. நாய் மூக்கைத் தூக்கியது, பாய்ந்தது, நேரே சிவப்புப் பலகைகளுக்கு நடுவால் ஓடியது. இவர் பின்னாலேயே காலை எடுத்து வைத்துவிட்டார். நான் அவர் கட்டியிருந்த சாரத்தை எட்டிப் பிடித்து இழுத்தேன்.

"மண்டை கழண்டு போச்சோ உங்களுக்கு? நாய்க்காகச் சாகப்போறியளோ?"

"கூப்பிடு, கூப்பிடு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கூப்பிட்டோம். அது கேட்கவில்லை. எங்கேயாவது வெடிக்கப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒன்றும் வெடிக்கவில்லை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து குஞ்சை அவர் காலடியில் போட்டது. குஞ்சுக்கு இன்னும் உயிர் இருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் போனது. தாய்க்குருவி நாங்கள் வீட்டுக்கு வரும்வரைக்கும் விடாமல் கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

அவர் நாயை அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "நாங்கள் இல்லாத காலமெல்லாம் இந்தக் குருவியள்தான் இஞ்ச இருந்ததுகள். நாங்கள் வந்ததும் வராததுமா நாயை விட்டுக் கடிக்க வைக்கிறம். இனிக் கட்டித்தான் கூட்டிக்கொண்டு போறது" என்றார்.

சொல்லிவிட்டார். ஆனால் கயிற்றைக் கண்டால் நாய் வீட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். அவர் விடவில்லை. முதலில் சோற்றுக்குப் பக்கத்தில் கயிற்றை வைத்தார். பிறகு கயிற்றில் மீன்குடலைத் தேய்த்தார். பிறகு தொட்டுப் பார்க்கவிட்டார். ஒருநாள் நான் கிணற்றடியில் நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் வேலி தாண்டிச் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஆடு வளர்த்துப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், என்னை விட வயதில் குறைந்தவள், வாய் கொஞ்சம் நீளமானாலும் மனம் நல்லது. "அக்கா, ஓடி வாங்கோ, அண்ணை கழுத்தில கயிறு போடுறார்" என்றாள்.

வாளி கையை விட்டுப் போனது. நான் எப்படி முற்றத்துக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. அங்கே அவர் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். நீலக் கயிறு அவர் கழுத்தில். எதிரே நாய் குந்தியிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாய்க்குக் காட்டுறன். போட்டாலும் ஒண்டும் செய்யாது எண்டு அதுக்கு விளங்கவேணுமே" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சமையல் குசினிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவள் ஓடி வந்து சொன்னபோது என் மனம் உடனே அதை நம்பியதே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு நாய் மெல்ல மெல்லப் பழகியது. கடைசியில் எப்படிப் பழகியது என்றால், நாலு மணிக்குக் கயிற்றை ஆணியில் இருந்து எடுத்தால் போதும், தானே வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். முதல்நாள் கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையால், அந்தச் சின்னத் தெருவால், போனபோது அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "எங்க அண்ணை கொண்டுபோய் விடப்போறியள்? எங்கட பூனையும் ஒண்டு கிடக்குது, அதையும் கொண்டு போங்கோவன்" என்றார் ஒருவர். நடக்கத்தான் போகிறோம் என்று சொன்னால் நம்பவில்லை. போன நாய் திரும்பி வந்ததைப் பார்த்தபிறகுதான் நம்பினார்கள். நம்பியபிறகு பைத்தியம் என்றார்கள்.

அவருக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. மாட்டுத்தடத்தை விட்டு இறங்கக்கூடாது. குருவிகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் சிப்பி மண் பக்கம் போகக்கூடாது. மாரியில் பூநாரைகள் வந்து சேற்றில் நின்றால் எட்டவே நின்றுவிட வேண்டும். வரும் வழியில் கிழிந்த வலைத்துண்டைக் கண்டால் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும், பறவைகளின் காலில் சுற்றிவிடும் என்று. நாய் வெளிக்கிருந்தால் மண்ணள்ளி மூடுவார். மனிதர் மூடாத ஊரில் நாயினதை மூடுகிற ஆள் என்று ஒழுங்கை முழுக்கப் பகிடி. எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் மண்ணைக் காலால் அமத்திவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

நாய்க்கு இன்னொன்றும் பழக்கினார். பூநாரைகளைக் கண்டதும் கயிற்றைக் கையில் இருந்து நிலத்தில் போடுவார். கயிறு நிலத்தில் கிடந்தால் நாய் படுத்துவிட வேண்டும். அவர் திரும்பக் கயிற்றை எடுக்கும்வரை எழும்பக்கூடாது. எத்தனையோ பின்னேரம் மீன்தலை கொடுத்துப் பழக்கினார். நான் போயிருந்த ஒரு பின்னேரம் களப்பு முழுக்கப் பூநாரைகள், இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தெரியாமல் நின்றன. கயிற்றைப் போட்டார். நாய் படுத்தது. காது துடிக்கிறது, மூக்கு துடிக்கிறது, ஆனால் உடம்பு அசையவில்லை. பக்கத்தில் கழுதை ஒன்று வந்து மோந்து பார்த்தபோதும் அசையவில்லை. நாங்கள் இருட்டத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

"பிள்ளைக்கு இதைக் காட்டவேணும். ஒருக்கா வந்து பாத்தாளெண்டால் போகமாட்டாள்" என்றார் அவர்.

அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் "ஓம்" என்றேன். எங்கிருந்தோ மிச்சப் பெயின்ட் கொஞ்சம் வாங்கி வந்து ஒரு தகரத்தில், "பறவைகள் தங்கும் இடம். நாய்களைக் கட்டிக்கொண்டு வரவும்" என்று எழுதித் தரவை வாசலில் நட்டார். முகாமில் கற்ற தொழில், எழுத்து முத்துமுத்தாக இருந்தது. பலகையை எல்லாரும் வந்து பார்த்தார்கள். நாயைக் கட்டிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.

தரவையில் வேறு நாய்கள் இருந்தன. பாலம் தாண்டி வந்து விடப்பட்டவை, சனம் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனவற்றின் குட்டிகள், எல்லாம் கூட்டமாகத் திரிந்தன. அவை முதலில் பறவைகளைத் துரத்தின. பிறகு ஆடுகளில் வாய் வைத்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணின் சினை ஆடு ஒன்று தொடை கிழிந்து கிடந்ததை நானும் போய்ப் பார்த்தேன். ஆடு அவளுக்கு வெறும் ஆடு இல்லை, அதுதான் சீவியம். அவள் சத்தம் வராமல் அழுதுகொண்டு அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவுக்குள் கூட்டம் வைத்தார்கள். நாய்களைப் பிடித்துத் தீவில் கொண்டுபோய் விட வேண்டும் என்று பேச்சு. என் கணவர் எழும்பினார். கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை அவர்.

"நாங்கள் கொண்டுபோய் விட்டா அவையள் கொண்டுவந்து விடுவினம். வளக்கிற நாயை அவரவர் கட்டி வளத்தா இந்தக் கரைச்சலே இல்லை" என்றார்.

பிறகு பின்னால் இருந்து ஒருவர், "அண்ணை, எங்களையே இப்பதான் முள்ளுக்கம்பி முகாமுக்குள்ள இருந்து அவிட்டு விட்டிருக்கிறாங்கள். அதுக்குள்ள நாயைக் கட்டச் சொல்லுறியள்" என்றார். வளவு முழுக்கச் சிரிப்பு. துக்கத்தோடு கலந்த சிரிப்புத்தான், இப்போது யோசித்தால் அது தெரிகிறது. அவருக்கு அப்போது அது தெரியவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். நாங்கள் போனபிறகுதான் மிச்சம் பேசியிருக்கிறார்கள். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை, பின்னால் சாமான் ஏற்றுகிற பெட்டியோடு கொண்டுவருவது, வீட்டு நாயைக் கொடுக்க விரும்புகிறவர்கள் அதைப் பிடித்து முற்றத்தில் கட்டி வைப்பது என்று முடிவு. அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்றில்லை, தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள்.

அடுத்த கிழமை அடம்பனில் ஒரு செத்தவீடு. என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நாங்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் காலையில் ஒரே பஸ்ஸில் போனோம். போகும் முன் அவர் நாயைப் பூவரச நிழலில் கட்டி, தண்ணீர் வைத்தார். தான் இல்லாத நேரம் அதை அவிழ்த்துவிட மாட்டார். ஆடுகள் திரிகிற இடம், பழி வரக்கூடாது என்பார்.

பின்னேரம் வந்து பார்த்தால் பூவரசடியில் தண்ணீர்ச் சட்டி மட்டும் இருந்தது.

மேல் ஒழுங்கை ஆட்கள் மூன்று பேர் லாண்ட்மாஸ்டர் கொண்டு வந்திருக்கிறார்கள். சத்தம் கேட்டதுமே தரவை நாய்கள் பற்றைக்குள் பாய்ந்துவிட்டன. ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முற்றங்களில் கட்டி வைத்திருந்த நாய்களைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் இவர் கேட்டார். அந்த மனிதர் திடுக்கிட்டுப் போய்விட்டார், நடிப்பில்லை.

"அண்ணை, வீடு பூட்டிக் கிடந்தது, நாய் கட்டிக் கிடந்தது. கூட்டத்தில கோவிச்சுக்கொண்டு போனியள், அந்தக் கோவத்தில குடுக்கிறியள் எண்டு நினைச்சம். பாக்க மனமில்லாமல் வெளிக்கிட்டுப் போட்டியளாக்கும் எண்டு."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் நாயைக் கொடுக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கட்டி வைத்துவிட்டு, ஏற்றும் நேரம் பார்க்காமல் எங்கேயாவது போய்விடுவார்கள்.

"எங்க விட்டனீங்கள்?" என்றார் இவர்.

"நான் கடைசிவரைக்கும் போகேல்லை. சந்தைப் பக்கம் எண்டுதான் கதைச்சவங்கள்."

அடுத்த நாளில் இருந்து அவர் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனார். வேறொரு நீலக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார், அதைக் கண்டால் வரும் என்று. ஒருநாள் நானும் பஸ்ஸில் போனேன். மீன்சந்தைக்குப் பின்னால் நின்று அவர் கயிற்றை நீட்டி "இஞ்ச வா, இஞ்ச வா" என்று கூப்பிட்டார். கயிற்றைக் கண்டதும் அங்கே படுத்திருந்த நாய்கள் எல்லாம் எழும்பி ஓடின. மீன் வெட்டுகிற ஆள் கத்தியை வைத்துவிட்டு வந்தார். "ஐயா, இஞ்ச கொண்டுவந்து விடாதேங்கோ, இருக்கிற நாயளே காணும், இன்னுமொண்டு வேண்டாம்" என்றார். இவர் தன் வெறும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன், பிள்ளையைக் கூட்டி வருவதுபோல.

அதற்குப் பிறகும் சில நாட்கள் போனார். சைக்கிள் டயர் வெடித்தது. ஒட்டிக்கொண்டு போனார். பிறகு விடாமல் அடைமழை பிடித்தது, போகவில்லை.

அந்த மழைக்குள் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வந்தாள். அவள் ஆடு இன்னொன்றும் போயிருந்தது. தரவை நாய்கள் தரவையிலேயேதான் இருந்தன. எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவள் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, அதுக்கு ஒரு கஷ்டமும் குடுக்கேல்லையாம். மற்ற நாயள் கடிச்சுக் கத்தி ஊரைக் கூட்டினதாம். உங்கட நாய் கயித்தை அவிட்டதுமே எழும்பி வாலாட்டினதாம். தானே போய்ப் பெட்டியில ஏறி முன்னுக்குப் பாத்துக்கொண்டு நிண்டதாம். நல்ல வடிவாப் பழக்கியிருக்கிறார் மனுசன் எண்டு அவங்களே சொன்னாங்கள்."

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன், உள்ளே அவர் இருந்தார். ஆனால் கேட்டுவிட்டது. வாசலுக்கு வந்தார்.

"சந்தையிலயோ விட்டவங்கள்?"

"இல்லையாம் அண்ணை. மழை இருண்டுகொண்டு வந்ததாம். பாலம் கடந்த உடனேயே ரோட்டுக் கரையில இறக்கிப்போட்டுத் திரும்பிட்டாங்களாம்."

"கயித்தை அவிட்டுத்தானே விட்டவங்கள்?"

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்காகக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. "இல்லை அண்ணை. கயித்தோடதான். நுனியைக் கீழ போட்டுட்டு வந்திட்டாங்களாம். மற்றதெல்லாம் ஓடிட்டுதாம். இது மட்டும் படுத்திட்டுதாம்."

லொறியும் பஸ்ஸும் நிற்காமல் போகிற ரோடு அது. அன்று இரவு முழுக்க மழை கொட்டியது எனக்கு நினைவு இருந்தது. அவர் சந்தை சந்தையாகத் தேடிப் போனபோதெல்லாம் அந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறார். அங்கே அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

"நான் எடுக்கும்வரைக்கும் அது எழும்பாது" என்றார் அவர். அவளுக்கல்ல, எனக்குமல்ல.

பிறகு உள்ளே போனார். கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. நான் கிழங்கை வாங்கி வைத்தேன்.